இரண்டாம் பூச்சு

மார்ச் 4

டமாரத்துக்கு,

தீயில் கருகின இடது புருவம் முளைத்துவிட்டதா? நான் கேட்கவில்லை. அம்மா தினமும் கேட்கிறாள், அவள் கேட்கச் சொன்னதை எழுதுகிறேன்.

உன் நம்பரை நான் போனில் பிளாக் செய்து வைத்திருப்பது உனக்குத் தெரியும். இந்தக் காலத்தில் எதற்குத் தாளும் பேனாவும் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் நீ பேசினால் ஐந்தாவது நிமிடம் நான் சிரித்துவிடுவேன், பத்தாவது நிமிடம் "சரி, விடுடா" என்று சொல்லிவிடுவேன். நீ பேசப் பழகின நாளிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. தாளில் உன்னால் அந்தக் குரலைப் போட முடியாது. எழுதினால் எழுதினது நிற்கும். அதனால் இனிமேல் நமக்குள் எல்லாம் கடிதம்தான்.

உன் கார் நேற்று எங்கள் பட்டறைக்கே வந்து சேர்ந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் கிரேன் வைத்து இழுத்துக்கொண்டு வந்து, என் மேசைக்கு நேர் எதிரே இறக்கிவிட்டுப் போனார்கள். டாஷ்போர்டு முழுக்கக் கரி. ஸ்டீயரிங் பாதி உருகித் தொங்குகிறது. உன் சப்-ஊஃபர் ஸ்பீக்கர் பெட்டி மட்டும் டிக்கியில் ராஜா மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பட்டறையில் எட்டுப் பேரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

ஏழு ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? "அக்கா, பாட்டு தும்முனு அடிச்சா ஹெட்லைட் கண்ணு சிமிட்டுது, ஏதாவது பண்ணு" என்று நீ வந்து நின்றாய். பெரிய ஆல்டர்நேட்டர் மாற்றினேன். பேட்டரியை இரண்டாக்கினேன். எர்த் வயர் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுசு இழுத்தேன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, மூடி போட்டு, திருகினேன். கடைசி ஞாயிறு நீ பாட்டைப் போட்டபோது அம்மாவின் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது, ஆனால் ஹெட்லைட் அசையவில்லை. அன்றைக்கு நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய்.

இப்போது விஷயம் இதுதான். ஏப்ரல் எட்டாம் தேதி இன்சூரன்ஸ் சர்வேயர் வருகிறார். தீ எதனால் பிடித்தது என்று ரிப்போர்ட் எழுதப் போகிறார். வயரிங் கோளாறு என்று எழுதினால் அதில் என் பெயர் இருக்கும். அதற்கப்புறம் எந்தப் பட்டறையிலும் எனக்கு ஒரு பானெட்டைத் திறக்க அனுமதி கிடைக்காது. பதினாறு வருஷ வேலை. முதலாளி இப்போதே என்னை வயரிங் மேசையிலிருந்து எழுப்பி, பேட்டரி முனைகளைச் சுரண்டிக் கழுவும் இடத்தில் நிறுத்திவிட்டார்.

எந்தக் காரில் பாட்டுச் சத்தம் அதிகம் என்கிற உங்கள் போட்டி நடந்த மைதானத்தில் அன்றைக்கு என்ன நடந்தது? ஒன்று விடாமல் எழுது.

அக்கா

*

மார்ச் 10

என் கரண்டு அக்காவுக்கு,

புருவம் பாதி முளைத்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல். ஒரு பக்கம் மட்டும் எப்போதும் ஆச்சரியப்படுகிற மாதிரி இருக்கிறது. பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகள் அதைப் பார்த்தே சிரிக்கின்றன.

நீ கடிதம் போட்டது எனக்குச் சந்தோஷம்தான். தபால்காரர் மாடிக்கு ஏறி வந்து கொடுத்தார். என் அறை ஒரு டயர் கடைக்கு மேலே. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கீழே காற்றடிக்கிற சத்தம். அதுதான் இப்போது எனக்குப் பாட்டு. பள்ளிக்கூட பஸ்ஸில் பாட்டே போடக் கூடாதாம், கண்ணாடியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நாற்பத்திரண்டு பிள்ளைகளோடு வாயை மூடிக்கொண்டு ஓட்டுகிறேன். என்னைப் போய் டமாரம் என்கிறாய்!

என்ன நடந்தது என்று கேட்கிறாய். என்ன சொல்ல? மூன்றாவது சுற்று. முதல் சுற்றில் மீட்டர் நூற்று நாற்பத்தெட்டு டெசிபல் காட்டியது. இரண்டாவதில் நூற்று நாற்பத்தொன்பது. நூற்றைம்பதைத் தொட்டவன் அந்த மைதானத்தில் ஒருத்தனும் இல்லை. நான் தொடப் போகிறேன் என்று எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சத்தத்தைக் கூட்டினேன். காலடியில் ஒரு வாடை வந்தது. அப்புறம் புகை. அப்புறம் ஓடினேன். அவ்வளவுதான் அக்கா.

வயரிங் உன்னுடையது என்று நான் சொன்னேனாம், யாரோ உன்னிடம் வத்தி வைத்திருக்கிறார்கள் என்று என் நண்பன் ஒருவன் சொன்னான். சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், தீப்பிடிப்பதற்கு முன்னால்.

யார் மேலும் தப்பில்லை. கரண்டு என்றால் சில சமயம் இப்படி ஆகும், உனக்குத் தெரியாததா? சர்வேயரிடம் அப்படியே சொல்லிவிடு. போனைத் திற. உன் குரலைக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது.

தம்பி

*

மார்ச் 15

கரண்டு சில சமயம் இப்படி ஆகாது. கரண்டுக்கு அதன் வழி தெரியும். குறுக்கே நாம் என்ன வைத்தோமோ அதற்குத் தக்கபடி நடக்கும். எனக்கே கரண்டு பாடம் நடத்தாதே.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன், கவனமாகப் படி.

உனக்கு என் பழக்கம் தெரியும். ஃபியூஸ் மூடியைத் திருகி முடித்ததும் திருகின் தலையிலும் மூடியின் விளிம்பிலும் சேர்த்து ஒரு சொட்டு சிவப்பு நெயில் பாலிஷ் வைப்பேன். யாராவது திறந்தால் அது விரிசல் விட்டுவிடும். எனக்குத் தெரியாமல் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. "ஃபியூஸுக்கு மேக்கப் போடுறா" என்று பட்டறையில் எத்தனை கேலி. என் நகத்தில் ஒருநாளும் ஏறாத நெயில் பாலிஷ் ஊரில் பாதி வண்டிக்கு ஏறியிருக்கிறது.

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். உன் வண்டியின் பானெட்டைத் தூக்கினார். தீ உள்பக்கம்தான் பிடித்தது, பேட்டரிப் பக்கம் வெறும் புகைக்கரி. துணியால் துடைத்தார். ஃபியூஸ் மூடி முழுசாக இருந்தது. சிவப்புச் சொட்டும் முழுசாக இருந்தது. "பாத்துக்குங்க, சீல் உடையல" என்று சொல்லிவிட்டுத் திருகைக் கழற்றினார்.

உள்ளே ஃபியூஸ் இல்லை. ஒரு செப்புப் பட்டை இருந்தது. அளவெடுத்து வெட்டி, இரண்டு ஓட்டை போட்டு, அழகாக முடுக்கியிருந்தது. எவ்வளவு கரண்டு போனாலும் உருகாத பட்டை. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் அது இருந்தால் வயர்தான் உருகும்.

முதலாளி என்னைப் பார்த்தார். "சீல் உன்னோடது. உடையல. உள்ள பட்டை இருக்கு. நான் என்னம்மா நெனைக்கிறது?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

எல்லோரும் போன பிறகு அந்த மூடியை எடுத்து விளக்குக்கு அடியில் வைத்துப் பிளேடால் சுரண்டினேன். மேலே ஒரு பூச்சு. அதற்கடியில் இன்னொரு பூச்சு, நடுவில் முடி அளவு விரிசலோடு. அடியில் இருந்தது நான் வைத்தது. அதை யாரோ உடைத்துத் திறந்து, வேலையை முடித்து, மேலே மறுபடி பூசியிருக்கிறார்கள். முதலாளியிடம் ஓடிப் போய்க் காட்டினேன். "ரெண்டு தடவை பூசினதும் நீயாவே இருக்கலாமே" என்றார்.

அந்த நெயில் பாலிஷ் பாட்டில் நம் வீட்டு அடுக்களை ஜன்னலில் இருக்கிறது. அந்த ஜன்னல் யாருக்கெல்லாம் தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். அம்மாவுக்கு. எனக்கு. உனக்கு.

அம்மாவுக்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியாது.

*

மார்ச் 21

அக்கா,

நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள்.

சரி. திறந்தேன். ஆமாம், நான்தான் திறந்தேன். ஆனால் எதற்குத் திறந்தேன் என்று நீ கேட்கவே இல்லையே? நானே சொல்கிறேன்.

போட்டிக்குப் பத்து நாள் முன்னால் மைதானத்தில் ஒத்திகை பார்த்தோம். நண்பர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஏழு ஞாயிற்றுக்கிழமை வேலை, என் அக்கா கை வைத்த வண்டி, வந்து கேளுங்கள் என்று கூட்டி வைத்திருந்தேன். பாட்டைப் போட்டு முப்பது விநாடி ஆகவில்லை, எல்லாம் அணைந்துவிட்டது. மொத்தமும் செத்துப் போச்சு. எல்லோரும் கைதட்டினார்கள், எப்படிப்பட்ட கைதட்டல் என்று உனக்குப் புரியும்.

மூடியைத் திறந்தேன். ஃபியூஸ் உருகியிருந்தது. அதன்மேல் எழுதியிருந்த எண்ணைப் படித்தேன். இருநூறு.

நீ என்னிடம் என்ன சொன்னாய்? "முந்நூறு ஆம்ப்ஸ் போட்டிருக்கேன், நீ எவ்வளவு வேணாலும் கத்த விடு" என்றாய். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். முந்நூறு என்று சொல்லிவிட்டு இருநூறு வைத்து மூடி, மேலே உன் சிவப்புச் சொட்டையும் வைத்தாய். நான் திறந்து பார்க்க மாட்டேன் என்ற தைரியம். எனக்கு அறிவு கிடையாது, என்னை ஏமாற்றி வைத்தால்தான் சரிப்படும், அப்படித்தானே? சின்ன வயசிலிருந்தே நீ இப்படித்தான். என் சைக்கிளில் எனக்குத் தெரியாமல் பெல்லைக் கழற்றி வைத்தவள்தானே நீ!

மைதானத்தின் நடுவில் அந்த இருநூறைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் ஏமாற்றினது யார் அக்கா? முதலில் நீ பதில் சொல்.

*

மார்ச் 26

பதில் சொல்கிறேன்.

இருநூறுதான் வைத்தேன். முந்நூறு என்று பொய் சொன்னேன். எழுத்தில் கொடுக்கிறேன் பார், நான் பொய் சொன்னேன்.

ஏன் என்று கேள். கேபிளை நீதான் வாங்கிக்கொண்டு வந்தாய். "சுத்தச் செம்புக்கா, கண்ணை மூடிட்டுப் போடு" என்றாய். முனையைச் சீவினேன். கத்தி பட்ட இடம் வெள்ளையாக இருந்தது. உள்ளே அலுமினியம், மேலே செம்பு நிறத்தில் பூச்சு. பதினாறு வருஷமாக வயர் சீவுகிறவளிடம் அலுமினியத்தைச் செம்பு என்று கொடுத்தால் கண்டுபிடிக்க மாட்டாளா? அது முந்நூறைத் தாங்காது. இருநூறுக்கு மேல் போனால் சூடாகும், என்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கிற தகரத்தின் ஓட்டையில் கேபிளின் உறை இளகும், தீப்பிடிக்கும். அதேதான் நடந்திருக்கிறது, அதே இடத்தில்.

அப்போதே சொல்லியிருக்கலாம். உன் நண்பர்கள் மூன்று பேர் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். நீ அவர்களிடம் செம்பைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தாய். அத்தனை பேர் முன்னால் உன் மூக்கை உடைக்க எனக்கு மனசு வரவில்லை. கேபிளுக்குத் தாங்குகிற ஃபியூஸை வைத்துவிட்டு, நீ கேட்க ஆசைப்பட்ட எண்ணைச் சொன்னேன். உன் மானமும் இருக்கட்டும், உயிரும் இருக்கட்டும் என்று நினைத்தேன். நண்பர்கள் போன பிறகாவது உன்னை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என் தப்பு, முழுசாக என் தப்பு.

ஆனால் டமாரம், நான் உனக்குச் சொன்ன பொய்யில் நீ உயிரோடு இருந்திருப்பாய். நீ பூசின பொய்யில் நீ செத்திருப்பாய், மயிரிழையில் தப்பினாய். அதோடு அந்தப் பொய்க்கு என் கையெழுத்தையும் போட்டாய். பட்டையை வைத்ததுகூட எனக்குப் பெரிசில்லை. ஆத்திரத்தில் எதையாவது வைப்பாய், நீ அப்படிப்பட்டவன்தான். மேலே மறுபடி பூசினாய் பார், அதுதான் என்னைத் தூங்க விட மாட்டேன் என்கிறது.

முதலாளிக்கு மூன்று வரி எழுது. சீல் உடைத்தது நான், பட்டை வைத்தது நான், மறுபடி பூசியது நான். அவ்வளவு போதும். எட்டாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும்.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

நான்தான் செய்தேன். ஒத்திகை முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வந்தேனே, அன்றைக்கு. நீ குளிக்கப் போயிருந்தாய். ஜன்னலிலிருந்து பாட்டிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீ வந்து உட்கார்ந்து, "இளைச்சுட்டடா" என்று இரண்டாம் தடவை பரிமாறினாய். பாட்டில் பையில் இருந்தது. குனிந்து சாப்பிட்டால் எங்கே நெஞ்சில் முட்டுமோ என்று நிமிர்ந்தே சாப்பிட்டேன். "என்னடா, போட்டோவுக்கு உக்காந்த மாதிரி" என்று அம்மா சிரித்தாள்.

பட்டையை என் நண்பன் ஒருவன் வெட்டிக் கொடுத்தான். போட்டிக்காரர்கள் பல பேர் அப்படித்தான் வைப்பார்களாம், ஃபியூஸில் வீணாகிற கொஞ்சம் வோல்ட்டும் ஆம்ப்ளிஃபையருக்குப் போய்ச் சேருமாம். முடுக்கிவிட்டு, சிவப்பைச் சொட்டினேன். வாயால் ஊதிக் காய வைத்தேன், நீ செய்வாயே அதே மாதிரி. அடுத்த ஞாயிறு பாட்டிலைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

உன்னை மாட்டிவிடுவதற்காகப் பூசவில்லை. இதை நம்பு. நீ பானெட்டைத் திறந்து பார்த்தால் என்னைத் தொலைத்துக் கட்டுவாய் என்ற பயத்தில் பூசினேன். தீப்பிடிக்கும் என்றோ, அந்தச் சொட்டு உன் கழுத்துக்குச் சுருக்காகும் என்றோ எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் முதலாளிக்கு எழுத என்னால் முடியாது. பஸ் கம்பெனியில் சர்வேயர் ரிப்போர்ட்டின் நகல் கேட்டிருக்கிறார்கள். சொந்த வண்டியில் இப்படிச் செய்தவனிடம் நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கொடுப்பார்களா? வாழ்க்கையில் முதல் தடவை ஒரு வேலையில் என்னை "சார்" என்று கூப்பிடுகிறார்கள். ஒரு பெண் குழந்தை தினமும் இறங்கும்போது எனக்கு ஒரு கலர் பென்சிலைக் காட்டிவிட்டுப் போகும். இதை விட்டால் எனக்கு ஒன்றும் கிடையாது. உனக்குக் கையில் தொழில் இருக்கிறது, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாய்.

உன்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், அது போதாதா? இது உனக்கு மட்டும். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. என்னைக் கைவிட மாட்டாய் என்று தெரியும்.

உன் தம்பி

*

ஏப்ரல் 9

டமாரம்,

உன் கடிதம் ஆறாம் தேதி வந்தது. அடுக்களையில் நின்றபடி படித்தேன். அழுதேன், ஒளிக்க ஒன்றுமில்லை. பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து சாப்பிட்டேன் என்ற இடத்தில் சிரிப்புகூட வந்தது. எவ்வளவு திருட்டுப் பயலாக இருந்தாலும் என்னிடம் வந்து உண்மையைச் சொல்லிவிட்டான் என்று நினைத்தேன். அடுப்பைப் பற்ற வைத்தேன் தெரியுமா? ஓர் ஓரத்தை நெருப்பில் காட்டவும் செய்தேன். அம்மா தண்ணீர் கேட்டாள், எடுத்துக் கொடுக்கப் போனேன். திரும்பி வந்து அடுப்பை அணைத்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவன் சின்னவன், இப்பதான் ஒரு வேலையில ஒக்காந்திருக்கான். நீதாம்மா பொறுத்துப் போகணும்" என்றாள். சரி, பொறுத்துப் போகலாம் என்றுதான் நேற்று காலையில் நானும் கிளம்பினேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்று முதலாளியிடம் சொல்ல வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தேன்.

சர்வேயர் நிதானமான மனிதர். ஒவ்வொரு வரி எழுதி முடித்ததும் பேனாவுக்கு மூடி போடுகிறார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். "உங்க தம்பி தபால்ல அனுப்பின வாக்குமூலம். நீங்க படிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க" என்றார்.

படித்தேன். "ஃபியூஸ் இருந்தால் சத்தம் குறையும், நான் நேரடியாகப் பட்டை வைத்துவிடுகிறேன் என்று என் அக்காதான் சொன்னார். ஆபத்து என்று நான் எச்சரித்தேன். அவர் கேட்கவில்லை." உன் கையெழுத்து. தேதி ஏப்ரல் இரண்டு.

ஏப்ரல் இரண்டு, டமாரம். எனக்கு எழுதின அதே நாள். அதே நீல மை. அதே கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். எதை முதலில் எழுதினாய்? எனக்கு எழுதிவிட்டு அதை எழுதினாயா, அதை எழுதிவிட்டு எனக்கு எழுதினாயா? இரண்டையும் ஒரே தபால்பெட்டியில்தான் போட்டிருப்பாய்.

என் பை மடியில் இருந்தது. உன் கடிதம் அதற்குள் இருந்தது. கை உள்ளே போனது, தாளின் கருகின ஓரம் விரலில் தட்டுப்பட்டது. எடுக்கவில்லை. "எனக்குக் கொஞ்சம் நாள் குடுங்க சார்" என்று கேட்டேன். ஏப்ரல் இருபது வரைக்கும் கொடுத்திருக்கிறார்.

இனிமேல் நான் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொள். இருபதாம் தேதிக்குள் நீயே நேரில் வா. வர முடியாவிட்டால் அந்த வாக்குமூலம் பொய் என்று எழுதி அனுப்பு. பயத்தில் பொய் சொன்னேன் என்று நீயே முன்வந்து சொன்னால் உன் கம்பெனிக்காரரிடம் நானே வந்து பேசுகிறேன், அவர் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். நீ வராவிட்டால் இருபத்தொன்றாம் தேதி உன் கடிதத்தை மேசையில் வைப்பேன். உனக்குத் தெரியாமல் செய்ய மாட்டேன், அதற்காகத்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

இதை அம்மாவுக்குத் தெரியாமல் அனுப்புகிறேன். உறையை ஒட்டி, மேலே ஒரு சொட்டு சிவப்பு வைத்திருக்கிறேன். நீ மட்டும் உடைக்க வேண்டும் என்பதற்காக.

அக்கா

*

ஏப்ரல் 27

நீ செய்துவிட்டாய்.

நேற்று பஸ்ஸைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். மேனேஜர் வந்து சாவியைக் கேட்டார். கையில் சர்வேயர் ரிப்போர்ட். அதோடு என் கடிதத்தின் நகல், ஓரம் கருகினது. "இது உங்க கையெழுத்துதானே?" என்றார். இதுவரைக்கும் சார் போட்டவர், நேற்று போடவில்லை. சாவியைக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வெளியே வந்தபோது வேறொருவன் என் சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

நான் ஊருக்கு எழுதவில்லை, உனக்கு எழுதினேன். வயிற்றில் இருந்ததை எல்லாம் உன்னிடம் கொட்டினேன். அதை எடுத்துக்கொண்டு போய் அந்நியன் மேசையில் வைத்தாயே, உனக்குக் கை கூசவில்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இப்படிச் செய்யப் போறேன்டா" என்று ஒரே ஒரு வார்த்தை. எதிரிகூட முன்னால் நின்று அடிப்பான். நீ முதுகில் குத்தினாய்.

வாக்குமூலம் அனுப்பினேன், ஆமாம். பஸ் கம்பெனியில் நெருக்கினார்கள், எழுதினேன். நீ எப்படியும் என்னைக் காப்பாற்றிவிடுவாய், உனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். நீ அப்படித்தானே எப்போதும்.

பன்னிரண்டாம் தேதி நீ அனுப்பின உறை வந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்ததுமே கீழே வைத்துவிட்டேன். உள்ளே என்ன திட்டியிருப்பாய் என்று நினைத்தால் கை வரவில்லை. நாளைக்குப் பிரிக்கலாம், நாளைக்குப் பிரிக்கலாம் என்று ஜன்னலோரம் வைத்திருந்தேன். இப்போது பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. நீ செய்ததைத்தான் பார்த்துவிட்டேனே, இனிமேல் படித்து என்ன ஆகப் போகிறது? பிரிக்காமல் அப்படியே இதோடு திருப்பி அனுப்புகிறேன். உன் வார்த்தையை நீயே வைத்துக்கொள்.

எனக்கு அக்கா இல்லை.

*

மே 3

தம்பிக்கு,

வயரிங் மேசையில் என்னை மறுபடி உட்கார வைத்துவிட்டார்கள். முதலாளி மன்னிப்புக் கேட்டார். இனிமேல் நெயில் பாலிஷ் வேண்டாம் என்று நம்பர் போட்ட ஈய முத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அம்மா இரண்டு வாரமாக என்னோடு பேசுவதில்லை, தட்டை மட்டும் நகர்த்தி வைக்கிறாள். புருவம் முழுசாக முளைத்துவிட்டது என்று அவளிடம் நானாகச் சொல்லிவைத்தேன்.

இருபதாம் தேதி சாயங்காலம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் வந்தார், ஒன்றுமில்லை என்று கையை விரித்தார். கடைசி பஸ்ஸில் வருவாயோ என்று நிலையம் வரைக்கும் போய் நின்றேன். மறுநாள்தான் மேசையில் வைத்தேன். வைத்தபோது கை கூசியது, நீ கேட்டதற்குப் பதில் அது.

உன்னிடம் சொல்லாமல் செய்தேன் என்று எழுதியிருக்கிறாய். நீ திருப்பி அனுப்பின கடிதத்தை இதோடு மறுபடி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை உறை இல்லை, பிரித்தே வைத்திருக்கிறேன். மேலே இருக்கிற தேதியைப் பார். கீழே நான் உன்னைக் கெஞ்சியிருப்பதைப் படி.

எப்படிப் பிரித்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். உன் உறை நேற்று மதியம் வந்தது. திறக்கவே இல்லை என்று நீ எழுதியிருந்தாய். சிவப்புச் சொட்டு முழுசாக இருந்தது. அதைப் பார்த்த பிறகும் நான் நம்பவில்லை. படித்துவிட்டு, மறுபடி பூசி, படிக்காத மாதிரி அனுப்புகிறான் என்றுதான் முதலில் தோன்றியது. உறையைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். மேசையில் வைத்து, விளக்கைக் கிட்டே இழுத்து, பிளேடால் சுரண்டினேன்.

ஒரே பூச்சு. நான் வைத்தது மட்டும்தான். நீ சொன்னது உண்மை.

உன் வாயிலிருந்து வந்த ஓர் உண்மையை நம்புவதற்கு எனக்குப் பிளேடு தேவைப்பட்டது, தம்பி. அந்தப் பிளேடை இன்னும் கீழே வைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா